அரிசி மூட்டை உட்கார்ந்து பார்த்த சீட்

லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியும் எங்கள் பழைய காரை நான் ஓட்டியது மொத்தம் நாலே தடவை. நாலும் மைதானத்தில், வட்டமாக. ரோடு வந்ததும் என் வீட்டுக்காரர் இறங்கச் சொல்லிவிடுவார். கேட்டால் சீட்டின் மேல் பழி. "சாய்ஞ்சா பின்னாடி வுழுது. சீட்ட மாத்தலாம், அப்புறம் ஓட்டுவியாம்." அதே சீட்டில் அவர் மட்டும் பத்து வருஷமாக ஜம்மென்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில், பெங்களூருக்கு லைனிங் துணி வாங்கப் போனவள் பழைய கார் சாமான் கடைக்குள் நுழைந்து, சிவப்புக் கோடு போட்ட ஸ்போர்ட்ஸ் சீட் இரண்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பேத்தமங்களாவில் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன் என்று அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு நான் பின்வாங்குவதாவது!

சீட்டின் பக்கவாட்டு மெத்தைகள் கிழிந்து ஸ்பாஞ்ச் பிதுங்கியிருந்தது. ஆண்டர்சன்பேட்டையில் ஜாக்கெட் தைப்பவள் நான், ரெக்சின் எம்மாத்திரம் என்று மிஷினில் வைத்தேன். மூன்று ஊசி உடைந்தது. கடைசியில் கோணி ஊசியை எடுத்துக் கையாலேயே தைத்தேன். விரலெல்லாம் பொத்தல், ஆனாலும் தையல் கச்சிதம்.

சீட் மாற்ற, எங்கள் சுரங்கக் காலனியில் அடுத்த லைன் வீட்டு அண்ணன் வந்தார். தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்டில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு ஃபிட்டராக இருந்தவர், சுரங்கம் மூடியபின் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். பழைய சீட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். புது சீட்டின் ஓட்டைகள் காரின் தரைக்குப் பொருந்தவில்லை. அதை முன்னும் பின்னும் நகர்த்துகிற தண்டவாளத்தில் பல் தேய்ந்திருந்தது. "ஆளு குந்துற எடம் ஆடக்கூடாதுமா" என்றார். நான் கடைக்குப் போன நேரத்தில் இரும்புப் பட்டை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஓடிவந்து கதவைத் திறந்தேன். அண்ணன் குறுக்கே கை நீட்டினார். "இன்னா அவசரம்? கேஜ ரிப்பேர் பண்ணா மொதல்ல மூட்டைதான் எறங்கும். அப்புறந்தான் ஆளு."

சொன்னபடியே இரண்டு சீட்டிலும் அரிசி மூட்டையை உட்காரவைத்து பெல்ட் போட்டார். ஓட்ட ஆள் உட்காரக்கூடாதாம், அதனால் தள்ளத்தான் வேண்டும். தெருவே திரண்டது. அண்ணன் ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நடக்க, பின்னால் பத்துப் பேர் தள்ள, நான் முன்னால் ஓடி வழி விலக்கினேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் மூட்டைக்கு சல்யூட் அடித்து ஒதுங்கினார். ஸ்பீடு பிரேக்கர் மேல் மூன்று தடவை ஏற்றி இறக்கினோம். மூட்டைகள் அசையவில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பிறகு என் முறை. சீட் இடுப்பை அணைத்துக்கொண்டது. ஆகா! காலை நீட்டினேன். கிளட்ச் எட்டவில்லை. கால் கட்டைவிரல் காற்றைத்தான் மிதித்தது.

"அண்ணா, சீட்ட முன்னாடி தள்றது எங்க இருக்கு?"

"தள்றதா? அத்த வெல்டு வச்சிட்டேனேமா. வீட்டுக்காரர குந்தவச்சி அளவெடுத்துதான் வச்சேன்."

என் வீட்டுக்காரர் மிகவும் அன்பாக, "சரி வுடு, நாளைக்கு நானே ஓட்றேன்" என்றார். அந்த அன்புதான் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யாரு ஓட்டப்போறாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களாண்ணா?"

அண்ணன் குனிந்து வெல்டைத் தொட்டுப் பார்த்தார். "கேக்கலமா. அவருதான்னு நானே நெனச்சிக்கினேன். தப்பு என்னுது. எறங்காத. கால நீட்டு."

ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற டேப்பால் அன்று என் காலை நானே அளந்து இன்ச் சொன்னேன். நான் இறங்கியதும் அண்ணன் வெல்டை அறுத்து, சீட்டை ஒரு சாண் முன்னால் இழுத்து, டேஷ்போர்டுக்கு மேல் என் தலை தெரிய நாலு விரற்கடை உயர்த்தி, மறுபடி வெல்டு வைத்தார். விட்டாரா? மறுபடி மூட்டை, மறுபடி ஊர்வலம். இந்தத் தடவை அடுத்த இரண்டு லைன்காரர்களும் தள்ள வந்தார்கள்.

ஞாயிறு காலை பட்டுப்புடவையோடு வெளியே வந்தால், என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கம் நுழைந்துகொண்டிருந்தார். முட்டி ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. நான் இழுத்து வெளியே எடுத்தேன். சுற்றி வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

கியர் மாற்றினேன். ரோடு வந்தது. யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. எனக்கு உரக்கப் பாட வேண்டும் போலிருந்தது, பாடியும்விட்டேன். பேத்தமங்களா ஏரி கண்ணில் பட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"வரும்போதும் நீதான் ஓட்டுவியா?"

"இனிமே எப்பவுமேங்க" என்றேன்.