டாக்டரம்மா மலையிறங்கும் வரை

எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த வருஷம்தான் அம்மாவுக்கும் கரண்டு வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவின் இடது மார்பை எடுத்துவிட்டு, மிச்சம் மீதி நோய் உள்ளே தங்கிவிடக் கூடாதென்று மெட்ராசுக்கு அனுப்பிக் கரண்டு வைக்கச் சொன்னார்கள். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். ஆத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் இறங்கியதும் அப்போதுதான். மோட்டாரைத் தொட்டால் தூக்கி அடிக்கும் என்று சித்தப்பா மிரட்டி வைத்திருந்தார். அதனால் அம்மா ஊர் திரும்பியபோது நான் எட்டவே நின்றுகொண்டேன். நானாவது சின்னப் பிள்ளை. சித்தியே ஒற்றை விரலால் அம்மாவைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் அடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாளாம். அம்மா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா எதையும் சிரிப்பாக்கிவிடுகிறவள். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள, பழைய வேட்டித் துணியில் தானே ஒரு சின்னப் பை தைத்து இலவம்பஞ்சு அடைத்தாள். பஞ்சுக்கு ஏது கனம்? குனிந்து களை பறித்தால் அது தோளுக்கு ஏறிவிடும். அதற்காக ஒரு கைப்பிடி கம்பையும் உள்ளே போட்டுத் தைத்தாள். ஒருநாள் அதை வெயிலில் வைத்திருந்தபோது கோழி கொத்தி, கம்பெல்லாம் வாசலில் சிதறிவிட்டது. சித்தி கோழியைத் துரத்த, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இனிமேல் சோளம் போடட்டுமா, கோழிக்கு எது பிடிக்கும் என்று கேட்டுச் சொல் என்றாள்.

அப்பா அப்படி இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே மனுஷன் பாதியாகிவிட்டார். தாடி வளர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்தான், தோட்டத்தில் தக்காளி அழுகி விழுந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா வீடு வந்த பிறகும் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்ப்பாராம். வெகுநாள் கழித்து அவருடைய குறட்டை திரும்பி வந்தபோது வத்தலக்குண்டு பஸ் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று சித்தி கேலி செய்தாள். அந்தச் சத்தம் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் காதைப் பொத்திக்கொண்டு தூங்கினேன்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் அம்மாவின் வலது அக்குளில் ஒரு கட்டி வந்தது. குளிக்கும்போது அவள் கைக்கே தட்டுப்பட்டிருக்கிறது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வளையல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறியிருக்கிறாள். ஆனால் கோடை வந்தால் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா கொடைக்கானல் மலைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில்தான் இறங்குவார். அவசரமென்றால் மதுரைக்குப் போங்கள் என்று நர்சு சொன்னாளாம். தன்னை அறுத்தவரிடம்தான் காட்டுவேன் என்று அம்மா திரும்பிவிட்டாள். எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குத் தான் ஒருத்தி காத்திருந்தால் போதாதா, வீடே எதற்குக் கூட உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்று பஸ்சிலேயே முடிவு செய்துவிட்டாளாம். இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு அவளே சொன்னது. மறக்காமல் வளையலும் வாங்கி வந்திருந்தாள்.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை சித்தி அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். சித்தி தேய்த்தால் எலும்பு வரைக்கும் தேய்ப்பாள். அவள் கை அக்குளில் போய் நின்றது. நான் பக்கத்தில் சீயக்காய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். "என்னக்கா இது, உருண்டையா?" என்றாள் சித்தி. அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. "வேலி அடைக்கையில முள்ளுக் குத்துச்சுல்ல, அதான் நெறி கட்டிருக்கு" என்றாள்.

காலில் காயம் பட்டால் தொடையிடுக்கிலும், கையில் பட்டால் அக்குளிலும் உருண்டையாகத் திரளும். அதைத்தான் நெறி கட்டுவது என்போம். காயம் ஆறினால் நெறி தானாக அடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பயந்தவர்கள் யாருமில்லை. அதுவும் கோடையில் தோட்டத்துக்குப் புதுசாக முள்வேலி அடைக்கும் காலத்தில், வீட்டுக்கு ஒருவருக்காவது நெறி கட்டியிருக்கும். சித்தி பெருமூச்சு விட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். எந்தக் கையில் குத்தியது, காட்டு என்று கேட்டபோது, எண்ணெய்க் கையை எப்படிக் காட்டுவது, தலைக்குத் தண்ணியை ஊற்று என்று அம்மா விரட்டினாள்.

அன்று மத்தியானம் நான் தோட்டத்து மூலையில் கருவேல மரத்தில் பிசின் தேடிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெட்டிப் போட்ட முள் அந்தப் பக்கம் குவிந்து கிடந்தது. ஈரத் தலையோடு அம்மா வந்தாள். குவியலைச் சுற்றி வந்து, கொத்தமல்லிக் கட்டு பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்ல நீளமாக ஒரு முள்ளை ஒடித்தாள். அதை இடது கையில் பிடித்து வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். பிறகு பிடுங்கிவிட்டுக் கையைப் பிசைந்து ரத்தம் வரவழைத்தாள்.

முள்ளை எடுக்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். குத்திக்கொள்கிறவர்களைப் பார்த்ததில்லை. பயந்துபோய் அம்மா என்று கூப்பிட்டேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த பிசினில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"காயம் இருந்தா உங்கப்பா நல்லாத் தூங்குவாருத்தா. யாருட்டயும் சொல்லாத" என்றாள்.

அம்மாவுக்குக் காயம் பட்டால் அப்பா எப்படித் தூங்குவார்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெரியவர்கள் சமாசாரம் என்று விட்டுவிட்டேன். பிசின் வேறு நிறைய மிச்சமிருந்தது.

அன்று முதல் வீடு முழுக்க ஒரே நெறி வைத்தியம்தான். சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துப் பற்றுப் போட வேண்டும் என்று சித்தி உத்தரவு போட்டாள். தேன் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அப்பா சிறுமலைக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்து ஒரு புட்டி வாங்கி வந்தார். புட்டியை அம்மாவிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார். தினமும் மறக்காமல் போட்டுவிடு என்றார். கோட்டை மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவதாகச் சித்தி வேண்டிக்கொண்டாள். நெறிக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அம்மா எல்லாரையும் பழித்தாள். அப்பாவும் சிரித்தார். அவருடைய வத்தலக்குண்டு பஸ்சும் நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பற்றுப் போடுவது என் வேலை. தேனில் பாதி என் வாய்க்குப் போகும், மீதி அக்குளுக்கு. அறைக்கதவைச் சாத்திவிட்டு அம்மா கையைத் தூக்குவாள். முதலில் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். தன் விரல் பயத்தில் பெரிசாகச் சொல்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். நான் கொண்டைக்கடலை மாதிரி இருக்கிறது என்பேன். நேற்றைக்கும் அதே கடலைதானா, மொச்சை ஆகிவிட்டதா என்பாள். கடலைதான் என்பேன். அப்பாடா, கடலையாகவே இருக்கட்டும் என்று சிரிப்பாள். ஒருநாள் அவள் சிரிக்கவில்லை. நான் தொட்டுக்கொண்டிருக்கும்போதே, "எனக்குப் பயமா இருக்குத்தா" என்றாள். நெறிக்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று நான் சித்தி குரலில் அதட்டினேன். ஆமாம், ஆமாம் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுண்ணாம்பு காந்துகிறது போல என்று நினைத்து, ஊதிவிட்டேன்.

கையில் காயம் ஆற ஆற அம்மா வேலி மூலைக்குப் போய்வந்தாள். ஆறிவிட்டதே, நெறி இன்னும் அடங்கவில்லையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதல்லவா? மறுபடியும் குத்திவிட்டதா, உனக்குக் கண் எங்கே போச்சு என்று சித்தி ஏசுவாள். அப்பா தேன் புட்டியைத் தூக்கி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்.

பள்ளிக்கூடம் திறந்தது. எனக்குக் காது வலி என்று அம்மா வீட்டில் சொன்னாள். எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்த என்னை, திண்டுக்கல்லில் கிளப்புக்கடை போண்டா என்று ஒரே வார்த்தையில் அடக்கினாள். உடனே வலித்தது.

டாக்டரம்மா அம்மாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் பார்த்தார். அந்த அம்மாள் பேசும் தமிழ் கேட்க எனக்குச் சிரிப்பாக வரும். அன்றைக்கு ஏனோ வரவில்லை. தொட்டுப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது, அறுத்து எடுத்து வேலூருக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும், அடுத்த வாரமே வந்துவிடுங்கள் என்றார். அப்புறம் அம்மாவின் உள்ளங்கையை விரித்து, இதென்ன இவ்வளவு காயம் என்று கேட்டார். தோட்ட வேலை, முள் என்றாள் அம்மா. போய்வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

வாசலில் பழைய ஆயா நின்றிருந்தாள். அறுவை நடந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டவள். அம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து ஓடி வந்தாள்.

"வந்துட்டியாத்தா? உங்க வீட்டுக்காரரு சந்தைக்கு வாரப்பயெல்லாம் இங்கிட்டு வந்து, டாக்டரம்மா எறங்கிட்டாங்களான்னு கேட்டுட்டுப் போவாரு. தான் வந்தது ஒனக்குத் தெரிய வேணாம்னு சொன்னாரு. நானே ஒளறிட்டேன் பாரு."

"அப்ப ராத்திரி விட்ட கொறட்டையெல்லாம்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அறுக்க வேண்டும் என்றபோது அழாதவள் அப்போது அழுதாள். அறுக்கிற பயம் இப்போதுதான் வந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். போண்டா வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாக அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, என்னைக் கூட்டிப்போய் போண்டா வாங்கிக் கொடுத்தாள். தானும் ஒன்று தின்றாள்.

அந்தக் கட்டியை எடுத்து அனுப்பியதும், கெட்டது ஒன்றுமில்லை என்று வேலூரிலிருந்து பதில் வந்ததும், அம்மா அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்து என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்ததும் பின்னால் நடந்தவை. அன்று சாயங்காலம் அதெல்லாம் யாருக்கும் தெரியாது.

நாங்கள் வந்தபோது அப்பா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து தக்காளியைக் கூடைக்குத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, காது எப்படி இருக்கிறது என்று கேட்டார். தேவலை என்றேன். அம்மா அவர் எதிரில் போய் நின்றாள்.

"அடுத்த வாரம் ஆசுபத்திரிக்குப் போகணும். நீங்களும் வாங்க" என்றாள் அம்மா.

"வாரேன்" என்றார் அப்பா.

எதற்கு, என்ன என்று ஒரு கேள்வி இல்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் கைமேல் வைத்து விரித்தார். அவர் அம்மாவைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தக்காளியைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு காயமாகப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. உள்ளே முள் தங்கியிருக்கிறதா என்று தேடுகிறார் போல, பாவம், கண் சரியாகத் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி உதவலாமே என்று பக்கத்தில் போனேன்.

"உள்ள முள்ளு இல்லப்பா. அம்மா அப்பவே புடுங்கிருச்சு."

"தெரியும்த்தா" என்றார் அப்பா.

தெரிந்தும் எதற்கு இன்னும் தேடுகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.