சோதனைச் சாவடியில் எடுத்த படம்

விடுமுறைக்கு இந்தியா போனபோது, சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டில் இருக்கும் சித்ரகோட் அருவியையும் பார்த்துவிட்டு மெல்போர்ன் திரும்பினோம். டார்னெய்ட்டில் எங்கள் வீட்டு டிவியில் படங்களைப் போட்டுக் காட்டினேன். சாப்பிட வந்திருந்த சாந்தி ஆன்ட்டி அருவியை ரசித்துப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், போருக்குத் தப்பிப் படகில் வந்து இப்போது மெல்போர்னிலேயே ஸ்பிரிங்வேலில் இருக்கிறார்.

அடுத்த படம், மாவோயிஸ்டுகளைத் தேடும் படையினரின் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட கிராமத்துப் பெண்கள் வெயிலில் பைகளைத் திறந்து காட்டியபடி நிற்கிறார்கள். எங்கள் டூரிஸ்ட் காரை நிறுத்தவே இல்லை. ஜன்னல் வழியே எடுத்திருந்தேன்.

"செம த்ரில்லா இருந்துச்சு ஆன்ட்டி!" என்றேன்.

"படம் எடுக்கலாமோ எண்டு அவையளிட்டக் கேட்டனீங்களோ?"

"இல்ல ஆன்ட்டி, கார் போயிட்டே இருந்துச்சு."

"நானும் ஊரில இப்பிடி வரிசையில நிண்டனான். எங்களையும் ஒருத்தர் காருக்குள்ள இருந்து படம் எடுத்தவர். அது இப்ப ஆர் வீட்டு டிவியில ஓடுதோ தெரியாது."

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தேன்.

அந்தப் படத்தை அன்றே அழித்துவிட்டேன். கேட்காமல் யாரையும் இப்போது படம் எடுப்பதில்லை. "அந்தக் காட்டுக்குப் போகப் பயமா இல்லையா?" என்று நண்பர்கள் கேட்டால் முன்பு வீரமாகக் கதை சொல்வேன். இப்போது, "எங்களை யாரும் இறங்கச் சொல்லலை" என்று மட்டும் சொல்கிறேன்.