தொண்ணூற்றைந்து என்ற நல்ல செய்தி

போன் என்றாலே எனக்குப் பயம் பிடித்தது அந்தக் குளிர்காலத்தில்தான். அதற்கு முன் நான் போனை எடுத்தால் அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இந்த வாய்க்காகத்தான் லண்டனில் எங்கள் சிறிய தமிழ் உதவிச் சங்கம் என்னை அந்த வேலையில் போட்டது. கொரோனா பிடித்து வீட்டோடு கிடக்கும் எங்கள் ஆட்களுக்குக் காலையில் போன் எடுக்கவேண்டும். விரலில் மாட்டும் கருவி என்ன இலக்கம் காட்டுகிறது என்று கேட்கவேண்டும். உடுப்புக் காயப்போடும் கிளிப் போன்ற சின்னக் கருவி அது. இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று சொல்லும். இலக்கம் தொண்ணூற்றைந்தும் அதற்கு மேலும் என்றால் பயமில்லை. குறைந்துகொண்டு போனால் டொக்டர், இன்னும் குறைந்தால் ஆம்புலன்ஸ். இவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி.

அந்தக் கருவிகள் வந்த கதை வேறு. அதற்கு முந்திய கோடையில் அமெரிக்காவில் ஒரு கறுப்பு மனிதரைப் பொலிஸ் கொன்று, லண்டன் தெருக்களிலும் சனம் திரண்டபோது, பெரிய அறக்கட்டளைகளின் கண்ணில் எங்களைப் போன்ற சங்கங்கள் திடீரென்று பட்டன. அதுவரை எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போட நேரமில்லாதவர்கள், சூம் வீடியோவில் வந்து தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, உங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வந்திருக்கிறோம் என்றார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரி வார்டிலும் பஸ்ஸிலும் கடைக் கல்லாவிலும் நின்று நோயை வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் ஆட்கள்தானே. உதவியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர்கள் கொடுத்த காசில் கருவிகளை வாங்கி வீட்டுக் கதவுகளில் தொங்கவிட்டோம். நிறம் பார்த்துச் செய்த அநியாயத்துக்கு இது ஒரு சின்னப் பரிகாரம் என்று நானும் நம்பினேன்.

நான் போன் எடுக்கும் வீடுகளில் ஒன்று கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் இருந்தது. பெட்ரோல் ஷெட்டில் நைட் ஷிப்ட் செய்தே வயதுபோன ஒரு அண்ணையும் அவர் மனைவியும், பிள்ளைகள் கனடாவில். அண்ணை இலக்கத்தைச் சொன்ன கையோடு என்னை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். "தங்கச்சி, சாப்பிட்டாச்சோ? இண்டைக்கு என்ன கறி?" நான் பருப்பு என்று சொன்னால், "நேற்றும் பருப்புத்தானே, மனுசன் பாவமெல்லோ" என்று என் கணவருக்காக இரங்குவார். காய்ச்சலில் கிடப்பவர் அவரா நானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஒரு காலை அவர் "தொண்ணூற்றைஞ்சு" என்றார். நல்லது என்று சொல்லிவிட்டுக் கறி விசாரணைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. "என்ன அண்ணை, இண்டைக்கு என்ன கறியெண்டு கேக்கேல்லையோ?" என்றேன். "ம்" என்றார். பிறகு ஒன்றுமில்லை.

எங்கள் ஆட்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் சாகக் கிடந்தாலும் சுகம் என்றுதான் சொல்வார்கள். உதவ வந்தவளுக்கு ஏன் கரைச்சல் என்ற எண்ணம். ஆனால் மற்றவர் சாப்பிட்டாரா என்று கேட்காமல் எங்கள் ஆள் ஒருவர் பேச்சை முடிப்பதை நான் அதுவரை கண்டதில்லை. போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"இலக்கம் நல்லாத்தானே இருக்கு, தங்கச்சி. ஆனா இரவு முழுக்கப் படுக்க ஏலாமக் கதிரையிலதான் இருந்தவர்" என்றார் அந்த அக்கா. பதற்றத்தில் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. அவரைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, வீட்டுப் போனில் நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மறுமுனையில் பேசிய பெண் பொறுமையானவள். உதடும் முகமும் வெளிறியோ நீலமாகவோ இருக்கிறதா என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

"அவர் பிறந்ததில இருந்தே நல்ல கறுப்பு" என்றார் அக்கா. அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. "இதில வெளிறினதெண்டும் நீலமெண்டும் எப்பிடிக் காணுறது?"

அப்படி ஒன்றும் தெரியவில்லையாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அடுத்ததாக இலக்கத்தைக் கேட்டாள். தொண்ணூற்றைந்து என்றேன். அவள் குரல் சற்றுத் தளர்ந்தது. அந்த நிம்மதியைக் கேட்டுத்தான் நான் மிகவும் பயந்தேன். இந்த மனிதர் அங்கே மூச்சுக்குத் தவிக்க, எல்லாக் கேள்விகளுக்கும் நல்ல பதிலாகவே போய்க்கொண்டிருந்தது.

"அவரால் ஒரு முழு வசனம் பேச முடிகிறதா?" என்றாள்.

"இல்லை! இன்று நான் என்ன சமைத்தேன் என்று அவர் கேட்கவில்லை" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவளுக்கு எப்படி விளங்கும்? தினமும் கேட்பவர், கேட்காமல் விடவே மாட்டார், இன்று அவரால் ஏலாது என்று மூச்சுவாங்கச் சொன்னேன். அவள் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, ஆம்புலன்ஸ் வருகிறது, கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள், அக்காவை ஏறவிடவில்லை. அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. நானும் அக்காவும் போனை வைக்காமல் இருந்தோம். என் சமையலறையில் பிரிட்ஜ் இரைவதுகூட எனக்குப் பயமாக இருந்தது.

அவர் பிழைத்தார், நெடுநாள் கழித்து மெலிந்துபோய் வீடு திரும்பினார். ஆனால் அன்று மத்தியானமே அவரைச் சேர்த்த வார்டின் டொக்டர் எனக்குப் போன் எடுத்தார். தமிழ்நாட்டுக்காரர், அக்காவுக்காக ஆம்புலன்ஸ்காரரிடம் என் போன் இலக்கத்தையும் கொடுத்திருந்தோம். "மணிக்கட்டுல ரத்தம் எடுத்துப் பாத்தோம்மா. மெஷின் காட்டுனத விட ரொம்பக் கம்மி. கறுப்புத் தோல்ல இது சில சமயம் கூட்டிக் காட்டுது. அந்த நம்பரை மட்டும் நம்பாதீங்க" என்றார்.

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. என் நினைவுக்கு வந்ததெல்லாம் அன்று காலையில் நல்ல இலக்கம் சொன்ன மற்ற வீடுகள். எல்லோரும் எங்கள் நிறம். எல்லோருடைய விரலிலும் நாங்கள் கொடுத்த கருவி. நல்லது, பயப்படாதேங்கோ என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தேன்.

முதலில் வடக்கு லண்டனில், எட்மண்டனில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவுக்கு எடுத்தேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் நான் வாயைத் திறக்குமுன்னே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி அவர் சந்தோஷமாகச் சொன்னார்:

"தொண்ணூற்றாறு, பிள்ளை... நேற்றை விட... கூட."

நான் மறுகையால் வீட்டுப் போனை எடுத்தேன்.

"மிசின்... நல்லாத்தானே சொல்லுது" என்றார். "நீர் ஏன்... அழுறீர்?"