ரொட்டியோடு வந்த விருந்தாளி

கெசையா டிரெம்பாத்தின் குடிசைக்கு யார் வந்தாலும் வாசலிலேயே ஒரு கேள்விதான். "ரொட்டி கொண்டு வந்தியா?"

அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆங்கிலேயர் தங்கள் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய ஆஸ்திரேலியக் கரை, சிட்னி குடாவில் அந்தப் பஞ்ச வருடத்தில் கவர்னர் வீட்டு விருந்துக்குப் போன அதிகாரிகளே தங்கள் ரொட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனார்கள். சீமைக் கப்பல் வருகிற வழியாக இல்லை. வாரப்படி மாவையோ குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

கெசையா இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் கொஞ்சம் துணி திருடி, ஏழு வருடத் தண்டனையோடு கப்பலேறியவள். வயது முப்பத்தாறு. கைதிகளுக்குச் சட்டை தைப்பது வேலை. வந்த முதல் வருடம் ஒருவனை நம்பி ஒரே பானையில் சமைத்தாள். அவன் அவள் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு, பானையையும் தூக்கிக்கொண்டு வேறொருத்தியிடம் போனான். அந்தப் பயலைப் பற்றி இதற்குமேல் எழுதுவது வீண். அன்றிலிருந்து தன் ரொட்டியில் ஒரு துணுக்குகூட அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஜேபஸ் கிளெக்கும் கைதிதான், செங்கல் சூளையில் வேலை. கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்க வந்தவன், எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தான். கைக்குட்டையை மடியில் விரித்து, தன் ரொட்டியைத் தின்று, சிந்தியதைத் தானே பொறுக்கிப் போட்டுக்கொள்வான். கீரை மட்டும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வான். காட்டில் முளைக்கிற கீரைக்குக் கணக்கு யார் பார்ப்பது? முதலில் அவளுக்கு இது நிம்மதியாக இருந்தது. போகப் போக உறுத்தியது. எட்டு மாதம் வந்தும் மனிதன் விருந்தாளியாகவே இருக்கிறானே.

ஒரு சனிக்கிழமை பக்கத்துக் குடிசை டார்கஸ் வந்து வாசலில் நின்றாள்.

"அடியே, உன் செங்கல்காரனை ஆத்துக்கு மேல ரோஸ் ஹில் பண்ணைக்கு அனுப்புறாங்களாம். திங்கக்கிழமை படகு."

"என் செங்கல்காரனா? எனக்குன்னு எழுதியா வெச்சிருக்கு?"

"கட்டிக்கிட்டவங்களைச் சேத்துத்தான் அனுப்புறாங்க. பாதிரியார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அவன் கேக்கலையே."

"வாசல்லயே நிறுத்தி ரொட்டி இருக்கான்னு சோதனை போடுறே. அந்தப் பாவி மனுசன் வேற எதைக் கேப்பான்?"

டார்கஸ் போய்விட்டாள். கெசையா ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியைத் தவறிப்போய்க் கை நுனியில் வைத்துத் தைத்து, பார்த்து, பிரித்தாள். போனால் அவன் திரும்பி வரப்போவதில்லை. கட்டிக்கொண்டு கூடவே போய், இவனும் அந்தப் பானை தூக்கினவனைப் போலவே ஆகிவிட்டால்? வேண்டுமென்ற ஆசையும் பயமும் ஒரே அளவில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாய் திறக்கும் முன்பே ஜேபஸ் கைக்குட்டை முடிச்சைத் தூக்கிக் காட்டினான்.

"கொண்டு வந்திருக்கேன்." பிறகு மெதுவாக, "நாளைக்குப் படகு" என்றான்.

"தெரியும். உக்காரு."

அடுப்பில் கீரை கொதித்துக்கொண்டிருந்தது. அவன் முடிச்சை அவிழ்த்தான். கெசையா சட்டென்று அவன் ரொட்டியை எடுத்துப் பிய்த்துப் பானைக்குள் போட்டாள். தன்னுடையதையும் பிய்த்துப் போட்டுக் கிண்டினாள்.

"என்ன பண்றே கெசையா?"

"பாத்தா தெரியலையா? கஞ்சி."

"இதுல என்னோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாது."

ஜேபசுக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும். இது புரிந்ததும் அவன் காது வரை சிவந்தான்.

கெசையா பானையை இறக்கி அவன் முன்னால் வைத்தாள். வீட்டில் இருந்த ஒரே கரண்டியை அவன் கையில் கொடுத்தாள். பிறகு கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேருடைய அன்றைய ஆகாரம் முழுவதும் அவன் எதிரில் இருந்தது.

ஜேபஸ் ஒரு கரண்டி எடுத்தான். ஊதி ஆற்றினான். அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"முதல்ல நீ சாப்பிடு. அப்புறம் ரெண்டு பேரும் பாதிரியார்கிட்டப் போவோம்."

இந்தக் கரையில் இறங்கியதிலிருந்து அவளை யாரும் முதலில் சாப்பிடச் சொன்னதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.