போய்க் கேட்ட திகதிகள்

கொழும்பு வெள்ளவத்தையில் போன், டைப்பிங் வேலைகள் செய்யும் எங்கள் கம்யூனிகேஷன் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கடிதம் அடிக்க வாராவாரம் வரும் ஒரு பெரியவர் பயன்படுத்திய பழைய தமிழ் மென்பொருள் அதில் ஓடவில்லை. அவர் திகைத்து நின்றபோதுதான், புது விண்டோஸ் எக்ஸ்பியோடு, அது ஓடிய பழைய விண்டோஸ் 98ஐயும் ஒரே பெட்டியில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அவர் எப்போதும் கசங்காத வெள்ளைச் சட்டையில், பையில் ஐடென்டிட்டி கார்டோடு வருவார். ராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகனைப் பற்றிப் பழைய கம்ப்யூட்டரில் அடித்து வைத்த கடிதத்தை வெள்ளிதோறும் திறந்து, விசாரிக்கப் போன திகதியை அடியில் சேர்ப்பார்.

அந்தக் கடிதம் இருந்த பழைய டிஸ்க்கைப் புதுப் பெட்டியில் மாட்டினேன். புது டிஸ்க்கை இரண்டாகப் பிரிப்பதாக நினைத்துப் பழையதையே ஃபார்மட் செய்து அழித்துவிட்டேன். பேக்கப் எடுத்திருக்கவில்லை.

நடந்ததைப் பெரியவரிடம் சொன்னேன். “கடிதம் எனக்கு மனப்பாடம், தம்பி. திகதியெல்லாம் இதுக்குள்ளதானே இருந்தது” என்றார். அவர் ஏன் என்னைத் திட்டவில்லை என்று இன்னும் விளங்கவில்லை.

அழிந்ததை மீட்கும் சிடி ஒன்று புறக்கோட்டையில் வாங்கியிருக்கிறேன். மேலே எழுதினால் பழையது மீளாது என்பதால் டிஸ்க்கில் வேறெதையும் எழுதவில்லை. அவர் வரும் வெள்ளிக்கு முன் அந்தச் சிடியை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.