பலூன் என்று பெயரெடுத்த சுமைதூக்கி

கம்ப்யூட்டர் சண்டை விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை, திரையில் வரும் ஆட்களுக்குக் கைகால் அசைவு கொடுப்பது. மாமியார் வைத்த பெயர் பொம்மைக்காரி. கேலிப்பெயர்தான், இவள் அதைப் பட்டம்போலச் சூடிக்கொண்டாள்.

ஆட்டத்தில் புதிதாக இறக்க ஒருவனை அவளிடம் ஒப்படைத்தார்கள். பெற்ற பிள்ளைபோல வளர்த்தாள். முதுகில் மூட்டையோடு சண்டைக்கு வரும் சுமைதூக்கி, மலைபோல உடம்பு. ஆனால் களத்தில் இறங்கியதும் ஆடுகிறவர்கள் அவனுக்குப் பலூன் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். இப்படியே போனால் அவனை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றார் மேலாளர். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வலு போதவில்லை போலும் என்று அவன் அடியைக் கூட்டினாள். அங்கேதான் வம்பு. அவனிடம் தோற்றவர்களெல்லாம் சீறினார்கள். அதுவரை சிரித்தவர்கள் இப்போது அவனை வெறுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பஸ் பட்டறை மெக்கானிக். சின்ன வயதிலிருந்தே அக்காவோடு இந்த ஆட்டத்தில் போட்டி. சுமைதூக்கியை எடுத்து ஆடி, இரண்டு முறை தோற்றுவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, அடிக்கிறப்ப இவன் உன் ஆளு. விழுறப்ப யாரு? அந்தப் பழைய ஒல்லிக்குச்சி மாதிரி காத்துல பறந்து விழுறான். இவ்வளவு பெரிய உடம்பு என்ன பஞ்சா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தத் தொழிலில் அடிகளைத்தான் முதலில் செய்வார்கள். விழுவதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். நாள் போதாமல், ஆட்டத்தில் முன்பே இருந்த அந்த ஒல்லி ஆள் விழுவதையே எடுத்து இவனுக்கு ஒட்டியிருந்தாள். யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். கவனிக்காமல் என்ன? ஆடுகிறவன் எவனும் பாதி நேரம் தோற்கத்தானே செய்கிறான்? தன் ஆள் கீழே கிடக்கும்போது கைக்கு வேலையில்லை, கண்ணுக்குத்தான் வேலை.

மெத்தையை இழுத்துப்போட்டுத் தம்பியை விழச் சொன்னாள். இடுப்பு போய்விடும் என்று அவன் நழுவினான்.

"நீயே விழு. நான் படம் எடுக்கிறேன்."

துணிமூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு விழுந்தாள். எழுந்து மறுபடி விழுந்தாள். மாமியார் எட்டிப்பார்த்து, புத்தி கித்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள். படத்தைப் போட்டுப் பார்த்தால், விழும்போதெல்லாம் அவள் கை ஒன்று தன்னால் பின்னே போய் மூட்டையைப் பிடித்திருந்தது.

அதை அப்படியே அவனுக்குக் கொடுத்தாள். முதலில் முழங்கால், பிறகு தோள். கை மட்டும் மூட்டையை விடாது. கூட்டிய அடியையும் பழையபடி குறைத்தாள். எழுந்திருக்க நேரமாகிறது, அதற்குள் எதிராளி இன்னொன்று போட்டுவிடுவான் என்று மேலாளர் வாதாடினார். போடட்டும், பாரத்தோடு விழுந்தவன் துள்ளியா எழுவான் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

புதிய மாற்றம் வெளியாகிச் சில நாள் கழித்து மேலாளர் அவள் மேசைக்கு வந்தார்.

"தோத்துக்கிட்டேதான் இருக்கான். ஆனா திரும்பத் திரும்ப அவனையே எடுத்து ஆடுறாங்கம்மா. இருந்துட்டுப் போகட்டும்."

"அப்போ இன்னும் ஒரு வாரம் குடுங்க சார். குப்புற விழுறது இன்னும் சரியா வரல."