முழங்காலைப் பார்ப்பவர்

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்ரயிலில், பெண்கள் பெட்டியில் தினமும் என் எதிரே ஓர் அக்கா உட்காருவார். கால்பந்தில் தடுப்பாட்டம் ஆடியே அரசு வேலை வாங்கியவர். யார் ஏறினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், முழங்காலைத்தான் பார்ப்பார்.

ஒருநாள் பல்லாவரத்தில் ஒரு பெண் நொண்டியபடி ஏறினாள். "வச்சிக்கோ அக்கா" என்று அவரிடம் ஒரு முழம் கனகாம்பரம் கொடுத்தாள். கிண்டியில் இறங்கிப் போனாள்.

"யாருங்க அது?" என்று கேட்டேன்.

"அவளும் என்னாட்டம் டிபன்ஸ் ஆடறவதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரே ஒரு வேலைதான். செலக்‌ஷன் மேட்ச்ல எதிரெதிர் டீம்ல வுட்டாங்க. கார்னர் கிக் அடிக்கறப்ப எங்க கோல் பக்கம் வந்தா. முட்டிய ஒடச்சேன்."

"தெரியாமப் பட்டுடுச்சா?"

"அப்டித்தான் அவ இன்னும் நெனச்சுகினு கீறா."

பூவைத் தலையில் செருகிக்கொண்டார். நான் என் கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அதையும் அவர் பார்த்தார்.